கூச்சம் இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

வாசகி ஒருவரின் கடிதம், சற்றே சுருக்கி:

"என் மகளுக்குப் பத்து வயது. கொளத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். வாசற்படியைத் தாண்டிவிட்டால் வேறு பிள்ளை. ஓரல் டெஸ்ட் என்றால் முதல் நாள் இரவே வயிற்று வலி வந்துவிடுகிறது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பிரசன்ட் மிஸ்' என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாமல், முணுமுணுப்பாக வருவதை மிஸ் கவனிக்காமல் விட்டுவிட, பக்கத்து பெஞ்ச் பிள்ளை இவளுக்காகச் சொல்கிறாளாம். டிஃபன் பாக்ஸைப் பாதி திறந்து, மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். பல நாள் அப்படியே திரும்பி வருகிறது. இரண்டு வருடமாகவே இப்படித்தான். லிஃப்டில் யாராவது பெயர் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். போன வருட ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டாள். இந்த வருடமும் நாடகத்தில் நான்கு வரி கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். போன மாதம் ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் கார்டிசாலும் பார்த்தார்கள். காலை 6:55க்கே இரத்தம் எடுக்கும் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்போதுதான் எழுப்பியிருந்தேன். ஊசியைப் பார்த்து இருபது நிமிடம் அழுதாள். மூன்று பேர் பிடித்துக்கொண்டுதான் 7:15க்கு எடுக்க முடிந்தது. ரிப்போர்ட்டில் 21.4 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அந்த லேபின் உச்ச வரம்பு 19.4. இதுதான் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்கிறார்கள். இந்த ஹார்மோன் கூடியதால்தான் இவள் இப்படி இருக்கிறாளா? குறைக்க மாத்திரை உண்டா? தோழி ஒருத்தி அசுவகந்தா கேப்ஸ்யூல் கொடுக்கச் சொல்கிறாள். மாமியாரோ, 'இவ அப்பனும் இப்படித்தான் இருந்தான், போகப் போகச் சரியாயிடும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டில் சிவப்பாக அச்சான அந்த எண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அது உங்கள் மனத்திலிருந்து இறங்கினால்தான் மற்றவற்றைப் பேச முடியும். 21.4 என்பது உங்கள் மகளின் சுபாவத்தை அளந்து சொன்ன எண் அன்று. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, அறிமுகமில்லாத ஒருவரையும் அவர் கையிலிருந்த ஊசியையும் கண்டு இருபது நிமிடம் அழுது, மூன்று பேர் கைகாலைப் பிடித்துக்கொண்ட நிலையில் இருந்த ஒரு குழந்தையின் இரத்தத்தில் அந்த நொடியில் என்ன இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த நிலையில் எந்தக் குழந்தைக்கும் கார்டிசால் உயரத்தான் செய்யும். உயராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

எழுந்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்; நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, கண் விழித்த பின் 30 முதல் 45 நிமிடங்களுக்குள் இன்னும் ஒரு படி ஏறி, பிறகு பகல் முழுவதும் இறங்கிக்கொண்டே வந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். ஆகவே உங்கள் மகள் ஏற்றத்தின் நடுவில் இருந்தாள்; அதன் மேல் அழுகையின் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. இதற்கு மேல் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு லேபும் தன் இயந்திரத்துக்கும் முறைக்கும் ஏற்ப ஒரு வரம்பை அச்சிடுகிறது, இதே 21.4 வேறொரு லேபில் கறுப்பு எழுத்தில், சாதாரணம் என்றே வந்திருக்கக்கூடும். கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்குக் கார்டிசால் பார்க்கும்படி எந்தக் குழந்தை மனநல மருத்துவரும் வழக்கமாக எழுதித் தருவதில்லை. பேக்கேஜில் சேர்ந்து வந்தது, பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இனி, அந்த ஹார்மோன் செய்யும் வேலை என்ன என்று சொல்கிறேன். மகளின் வயிற்று வலியையும் மேடைக்குப் பின்னால் எடுத்த வாந்தியையும் புரிந்துகொள்ள அது உதவும்.

ஆபத்து என்று மூளை கணித்துவிட்டால் உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. முதலாவது நரம்புகள் வழியாகவும் அட்ரினலின் வழியாகவும் சில நொடிகளில் வருவது: இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும், குடலின் இயக்கம் நிலைகுலையும். 'பிரசன்ட் மிஸ்' என்ற இரண்டு சொற்கள் தொண்டையில் நின்றுபோவதும், ஓரல் டெஸ்டுக்கு முன் வயிறு பிசைவதும் இந்த முதல் ஏற்பாட்டின் விளைவுகள். வலி உண்மையானது, நடிப்பு அன்று. இரண்டாவது ஏற்பாடு மெதுவானது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி இரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்ப, அது சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை அடைந்த பின்னரே கார்டிசால் சுரக்கிறது. இத்தனை கைமாறி வருவதால், பயமுறுத்தும் நிகழ்வு தொடங்கி 20 முதல் 30 நிமிடங்கள் கழித்துத்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. பிறகு படிப்படியாக வடிகிறது. இந்த நேரக் கணக்கைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்ற பட்டப் பெயர் இதற்குப் பெரிய அநியாயம் என்பது என் தனிப்பட்ட கருத்து. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிக்கொணர்வது, இரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, அழற்சியை அடக்கி வைப்பது எல்லாம் இதன் அன்றாட வேலைகள். இது சுரக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கார்டிசால் சுரக்கும் அட்ரீனல் புறணியின் (அட்ரீனல் சுரப்பியின் வெளியடுக்கின்) ஹார்மோன்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக 1950இல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை இன்று இணைய விளம்பரங்கள் வீட்டுக்குள் நுழைந்த எலியைப் போல விரட்டச் சொல்கின்றன.

அப்படியானால் கூச்சத்துக்கும் கார்டிசாலுக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு; ஆனால் நீங்கள் நினைக்கும் நேர்க்கோட்டில் அன்று. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் ஆகியோர் 1993இல் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். ஒருவரை நடுவர் குழுவின் முன் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசச் சொல்வது, அடுத்த ஐந்து நிமிடம் மனக்கணக்கு போடச் சொல்வது, இடையிடையே எச்சிலைப் பஞ்சில் எடுத்துக் கார்டிசாலைப் பார்ப்பது. இதையே 1997இல் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். ஒரு கதையின் தொடக்கத்தைச் சொல்லி, மீதியைச் சுவாரசியமாக முடித்துச் சொல்லும்படி குழந்தையிடம் கேட்பார்கள், பிறகு கணக்கு. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. ஊசியே கார்டிசாலை உயர்த்திவிடும் என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். 2004இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி இருவரும் இத்தகைய 208 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, கார்டிசாலை மிக அதிகமாக உயர்த்துபவை இரண்டு சங்கதிகள் என்று தெரிந்தது: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலையும், நடப்பது நம் கையில் இல்லை என்ற நிலையும். இரண்டும் சேர்ந்தால் ஏற்றம் மிகக் கூடுதல், வடிவதும் தாமதம்.

இந்த இரண்டையும் சேர்த்துத் தருவதற்கு டிரியர் வரை போக வேண்டியதில்லை. நவராத்திரி கொலுவுக்குப் போன வீட்டில் சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்த கையோடு, "எங்கே, ஒரு பாட்டுப் பாடு பார்க்கலாம்" என்று பத்து மாமிகள் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பாடாமல் போகவும் முடியாது. பாடினால் ஸ்ருதி சேரவில்லை என்பார்கள். நம்முடைய ஓரல் டெஸ்டும் ஏறக்குறைய இதுதான். பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாது, என்ன கேட்பார்கள் என்று தெரியாது, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

சமூகப் பதற்றமுள்ள குழந்தைகளையும், அதாவது பிறர் முன் பேசவும் பழகவும் மிகவும் அஞ்சும் குழந்தைகளையும், மற்றக் குழந்தைகளையும் இந்தச் சோதனையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. சிலவற்றில் பதற்றமுள்ள குழந்தைகளின் கார்டிசால் கூடுதலாக ஏறியது. சிலவற்றில் இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை. குழந்தைகள் தங்கள் வாயால் சொன்ன பயத்தின் அளவில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஹார்மோன் ஒரே அளவில் ஏறிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி அதை 'ஜாலியாக இருந்தது' என்கிறாள். இன்னொருத்தி 'எல்லோருக்கும் என் கை நடுங்குவது தெரிந்துவிட்டது' என்கிறாள். உங்கள் மகளின் சிரமம் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

இன்னும் ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். படித்த நாளிலிருந்து எனக்கு அது மிகவும் பிடித்துப்போன ஒன்று. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மெகன் கன்னரின் குழு, மழலையர் பள்ளிக் குழந்தைகளின் எச்சிலில் கார்டிசாலைப் பள்ளி திறந்த நாட்களிலும், பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகிய பின்னரும் அளந்தது. தொடக்கத்தில் ஏறி, பிறகு இறங்கியது யாருக்கு என்று பார்த்தால், துறுதுறுவென்று எல்லோரிடமும் பழகி, எல்லோருக்கும் பிடித்துப்போன பிள்ளைகளுக்கு! தனித்து ஒதுங்கியிருந்த குழந்தைகளிடமோ அது ஏறியபடியே இருந்தது, அல்லது தொடக்கத்தில் குறைவாக இருந்து பின்னால் ஏறியது. முதல் வாரத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்குக் கார்டிசால் ஏற வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அது இன்னும் களத்திலேயே இறங்கவில்லையே. ஏற்றம் கெடுதி, இறக்கம் நலம் என்ற கணக்கு இங்கே உடைந்துபோகிறது. புதிய இடத்தில் ஏறி, பழகப் பழக இறங்குவதுதான் ஆரோக்கியமான பாதை. எதிலும் இறங்காமல் இருப்பதால் குறைவாக இருக்கும் கார்டிசால் யாருக்கும் பயன்படாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, இது வெறும் கூச்சத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் பெயர் சூட்டுவது முறையாகாது. ஆனாலும் சமூகப் பதற்றம் என்று முடிவு செய்யுமுன் நாங்கள் எதையெல்லாம் கவனிப்போம் என்று சொல்கிறேன். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம். பெரியவர்களிடம் மட்டுமன்றி, சம வயதுப் பிள்ளைகளிடமும் அந்தப் பயம் இருக்க வேண்டும். டிஃபன் பாக்ஸின் மூடி அதைத்தான் சொல்கிறது. படிப்பையோ, சாப்பாட்டையோ, நட்பையோ அது கெடுக்க வேண்டும். டிஃபன் திரும்பி வருகிறது. பள்ளியில் அறவே வாய் திறக்காத குழந்தைகள் வேறொரு வகை. முணுமுணுப்பாகவாவது குரல் வருவதால் அவளை அதில் சேர்க்கத் தோன்றவில்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. இந்தச் சுபாவம் குடும்பங்களில் ஓடுவதுதான். ஹார்வர்டின் ஜெரோம் கேகன் இரண்டு வயதிலேயே புதியவர்களைக் கண்டு ஒடுங்கும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சமூகப் பதற்றம் என்ற நிலைக்குப் போவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மற்றவர்கள் போகிறார்கள், மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகமாக. 'போகப் போகச் சரியாகும்' என்பது எதுவும் செய்யாமல் இருந்தால் தானாகவே சரியாகும் என்று பொருளானால், அந்தப் பாதியை நான் ஏற்க மாட்டேன். முடிந்தால் உங்கள் கணவரிடம் ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்: அது எப்போது, எப்படிச் சரியானது, அல்லது சரியானதுபோல் நடந்துகொள்ள அவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட இடம் அது. எனக்கு அதுவே முக்கியமான இடமாகப் படுகிறது. தரைத் தளத்தில் கதவு மூடுகிறது; மேல் வீட்டுக்காரர் குனிந்து, "பேர் என்ன பாப்பா?" என்கிறார், மகள் உங்கள் துப்பட்டாவைப் பிடிக்கிறாள், நீங்கள் பெயரைச் சொல்லி, "கொஞ்சம் ஷை டைப்" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துவிடுகிறீர்கள். மூன்று பேருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்குக் காரணம் என்று உங்கள் மகளின் மூளை எதைக் குறித்துக்கொள்கிறது? 'நான் பேசவில்லை, அம்மா பேசினாள், அதனால் தப்பித்தேன்.' அடுத்த முறை அதே துப்பட்டாவை இன்னும் சீக்கிரமாகப் பிடிப்பாள். பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அந்த 20, 30 நிமிடக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஓரல் டெஸ்ட் நாளில் வயிற்று வலி என்று முதல் பீரியடிலேயே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். ஹார்மோனின் ஏற்றம் முடியுமுன்னே அவள் வீட்டு சோபாவில் இருக்கிறாள். இறக்கம் வீட்டில் நடக்கிறது. 'பள்ளியில் ஏறும், வீட்டில் இறங்கும்' என்ற பாடத்தைத் தவிர வேறு எதை அவள் கற்க முடியும்? அதற்காக, பயம் முழுவதும் இறங்கும்வரை குழந்தையை அங்கேயே பிடித்து வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயம் சற்று மிச்சமிருந்தாலும் பாதகமில்லை. 'நான் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள்' என்று அவள் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை அவளே கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் மருந்து.

உங்களால் ஆகக்கூடியது என்ன என்று தயங்கத் தேவையில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமுள்ள குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு நேரடிச் சிகிச்சை கொடுத்தார்கள். இன்னொரு பாதியில் குழந்தையைப் பார்க்காமல், பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைக்காக எதையெல்லாம் தாங்களே செய்துவிடுகிறோம் என்று பார்த்து, அதைப் பரிவோடு ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் பயிற்சி. பலன் இரண்டிலும் ஒத்திருந்தது. ஆகவே லிஃப்டில் அடுத்த முறை பெயர் கேட்கப்படும்போது, வாய் திறக்காமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கடிகாரத்தில் ஐந்து நொடி சிறியது. லிஃப்டில் அது ஒரு யுகம் போல இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் சொல்லவில்லை என்றால், பெயரின் முதல் எழுத்தை மட்டும் நீங்கள் சொல்லி நிறுத்தலாம். 'ஷை டைப்' என்ற அறிமுகத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். தன்னைப் பற்றி அவள் மனப்பாடம் செய்யும் முதல் வரியாக அது ஆகிவிட்டது.

அப்படியென்றால் அம்மா விலகி நிற்க வேண்டுமா? இல்லவே இல்லை. 2010இல் அமெரிக்காவில் லெஸ்லி செல்ட்ஸர், செத் போலக் முதலானோர் 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுமிகளை அந்த மேடைச் சோதனைக்கு உட்படுத்தி, முடிந்த பின் ஒரு பகுதியினரை அம்மா நேரில் வந்து அணைத்துக்கொள்ளவும், இன்னொரு பகுதியினரிடம் அம்மா தொலைபேசியில் பேசவும் ஏற்பாடு செய்தார்கள். அம்மாவைப் பார்த்தவர்களுக்கும், குரல் மட்டும் கேட்டவர்களுக்கும், இரண்டும் கிடைக்காதவர்களைவிடக் கார்டிசால் விரைவாக வடிந்தது. இதற்கு வயதும் ஒரு கணக்கு. 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பேச்சுக்குத் தயாராகும்போது பெற்றோர் பக்கத்தில் இருந்தது 9, 10 வயதுக் குழந்தைகளின் கார்டிசாலைத் தணித்தது. 15, 16 வயதினரிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்குப் பத்து. உங்கள் குரலுக்கு அவள் உடம்புக்குள் அதிகாரம் இருக்கும் வயது இது. தயாராகும்போது பக்கத்தில் இருங்கள், முடிந்த பின் அணைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அவளுக்குப் பதிலாகப் பேசாதீர்கள்.

பள்ளி கேட்டில் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான அம்மாக்கள் பையை வாங்கிக்கொண்ட உடனே கேட்பது, "இன்னிக்குப் பேசினியா? மிஸ் என்ன சொன்னாங்க?" என்பதுதான். அன்று முழுவதும் எடைபோடப்பட்டு வந்த குழந்தைக்கு இது இன்னொரு ஓரல் டெஸ்ட். நடுவர் மட்டும் அம்மா. கேட்டிலிருந்து வண்டி வரை எதுவும் கேட்காமல், ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து, தெருவில் பார்த்ததைப் பேசிக்கொண்டு வாருங்கள். சொல்ல வேண்டியிருந்தால் இரவு சாப்பிடும்போது அவளே சொல்வாள்.

படிகளை வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே கட்டலாம். முதல் வாரம் தெருமுனைக் கடையில் நீங்கள் நாலடி பின்னால் நிற்க, அவள் "அண்ணா, ஆவின் பச்சைப் பாக்கெட் ஒண்ணு" என்று கேட்டு வாங்கட்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் தவறில்லை. முதல் நான்கு நாள் அவர் 'என்னம்மா, கேக்கல' என்று அதட்டாமல் இருந்தால் போதும். அது சலிப்பூட்டும் அளவுக்குப் பழகிய பின், மீதிச் சில்லறை குறைகிறதென்று கேட்க வையுங்கள். பிறகு லிஃப்ட், பிறகு பக்கத்து பெஞ்ச் தோழியை வீட்டுக்கு அழைத்து ஒரு மாலை. ஒவ்வொரு படிக்கும் முன்பு, என்ன நடக்கும் என்று நினைக்கிறாள் என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்த பின் என்ன நடந்தது என்று அடுத்த வரியில் எழுதட்டும். என்னிடம் வரும் பிள்ளைகளின் நோட்டுகளில் 'கடைக்கார அண்ணா சிரிப்பார்' என்பதற்கு நேராக 'அவர் போன் பார்த்துக்கொண்டே கொடுத்தார்' என்பது போன்ற வரிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். மற்றவர்கள் நாம் நினைக்கும் அளவுக்கு நம்மைக் கவனிப்பதில்லை என்பதை நான் பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு வரி நன்றாகச் சொல்லிவிடுகிறது.

வகுப்பாசிரியையைத் தனியாகப் பாருங்கள். விலக்கு கேட்காதீர்கள், முன்னறிவிப்பு கேளுங்கள்: எத்தனையாவது ஆளாகக் கூப்பிடுவார்கள், முதல் கேள்வி எது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தால், 'என் கையில் எதுவும் இல்லை' என்ற பாதிச் சுமை குறைந்துவிடும். முதல் முறை ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு மட்டும், அடுத்த முறை இரண்டு தோழிகள் முன்னால், அதன் பின் தன் பெஞ்சிலிருந்து. அட்டெண்டன்ஸுக்குத் தோழி குரல் கொடுப்பதை மட்டும் மெல்ல நிறுத்தச் சொல்லுங்கள். கை தூக்கினாலும் போதும் என்று தொடங்கலாம்.

ஆண்டு விழாவிலிருந்து விலக்கி எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நான்கு வரியை இரண்டாக்கச் சொல்லலாம். தனியாக நிற்காமல் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து சொல்லும் வரிகளாக மாற்றச் சொல்லலாம். ஒத்திகையின்போது வெறும் மேடையில், உண்மையான மைக்கில் தன் குரலை அவள் இரண்டு மூன்று முறையாவது கேட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் தன் குரல் திடீரென்று பெரிதாக வருவதே பல குழந்தைகளைத் திகைக்க வைத்துவிடுகிறது. அன்று மாலை வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள். அப்படியும் வாந்தி எடுத்தால், வாய் கொப்பளிக்க வைத்து, நேரம் இருந்தால் மேடைக்கு அனுப்புங்கள். வாந்தி எடுத்த பின்னும் மேடையேறி வந்த குழந்தைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை.

அசுவகந்தா வேண்டாம். நம் ஊரில் அமுக்கரா என்று நெடுங்காலமாகப் புழங்கும் மூலிகைதான். அதன் மேல் எனக்கு விரோதம் ஏதும் இல்லை. ஆனால் கார்டிசாலைக் குறைப்பதாகக் காட்டும் ஆய்வுகள் பெரியவர்களிடம் செய்யப்பட்டவை. கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மகளுக்குக் குறைக்க வேண்டிய அளவுக்குக் கார்டிசால் நோய் எதுவும் இருப்பதாக இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. உயரம் வளராமல் எடை மட்டும் ஏறிக்கொண்டே போவது, முகம் உருண்டு வீங்குவது, அல்லது இதற்கு மாறாக எடை குறைந்து, தோல் கறுத்து, உப்பைத் தேடித் தின்று, அடிக்கடி மயங்கி விழுவது போன்றவை இருந்தால் மட்டும் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். அவள் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரோ, தோலுக்கு ஸ்டீராய்டு களிம்போ பயன்படுத்தினால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். வயிற்று வலி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், அல்லது மலத்தில் இரத்தம் வந்தால், அதைப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. ஸ்கூல் வேன் சீக்கிரம் வருகிறதென்றால் இரவு விளக்கை அதற்கேற்ப முன்னதாக அணைக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் இப்படி முயன்றும் அசைவு தெரியாவிட்டால், அல்லது பள்ளிக்கே போக மாட்டேன் என்று நின்றுவிட்டால், குழந்தைகளுக்கு சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சு, பயிற்சி வழியாக மாற்றும் சிகிச்சை) செய்து பழகிய, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை முதல் வழி அன்று; பதற்றம் மிகக் கடுமையாக இருக்கும் சில குழந்தைகளுக்கு மனநல மருத்துவர் எழுதித் தருவதுண்டு, அதுவும் கார்டிசாலுக்கான மாத்திரை அன்று. தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாது என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை கிடைக்கும். 'கீழ்ப்பாக்கம்' என்றாலே சென்னையில் ஒரு கேலிச் சிரிப்பு எழும் என்பதை அறிவேன். 1794இலிருந்து இந்த ஊருக்கு வைத்தியம் பார்த்துவரும் இடத்துக்கு நாம் கொடுத்திருக்கும் மரியாதை அது. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்பினால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம்.

கார்டிசாலை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வேறு காரணத்துக்காக எப்போதாவது இரத்தம் எடுக்க வேண்டி வந்தால், முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள். எந்தக் கையில் எடுப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பிடித்துக்கொள்ள மூன்று பேர் தேவைப்படாது. நீங்கள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.